நாற்காலி போகாத வரப்பு

ஒரு பிள்ளைக்கு என்னென்ன முடியும் என்று எழுதுவது எங்கள் உத்தியோகம். ஒரு ஊருக்கு என்னென்ன முடியாது என்று எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

நான் சிறப்பாசிரியை. தொகுப்பூதியம். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு கல்வித் திட்டம் போட்டு, வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுத்து, வருஷக் கடைசியில் முன்னேற்றம் எழுத வேண்டும். ஸ்கூட்டர் டிக்கியில் பந்தும் மணியும் வண்ண அட்டையுமாக வெயிலில் அலைகிற என் சக ஆசிரியைகளே, எங்களைவிட அதிகமாக அலைகிற பெற்றோர்களே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தாயிற்று. ஆனாலும் "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரே ஒரு பிள்ளையின் முகம்தான் வருகிறது. கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்ட பிள்ளை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

இல்லாத பிள்ளை

கும்பகோணத்திலிருந்து வரும் டவுன் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் அது. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரிடம், இந்த எல்லைக்குள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் யாராவது உண்டா என்று கேட்டேன். "அப்படி யாரும் இல்லம்மா" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜன்னலுக்கு வெளியே வயல். வயலுக்கு அந்தப் பக்கம் காலனி. நான் கிளம்பும்போது சத்துணவு சமைக்கிற அம்மா கரண்டியோடு வாசல் வரைக்கும் வந்து, காலனியில் முருகையன் மகள் இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்றார்.

ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒருத்தருடைய நஞ்சை. அதன் வரப்பில்தான் நடந்து போக வேண்டும். வேண்டாமென்றால் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போய், குறுக்கே போட்ட தென்னை மரத்தின் மேல் சர்க்கஸ் செய்து தாண்டலாம். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் போனேன். பாதியில் வழுக்கி முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கியதும், எதிரே தொகுப்பு வீட்டு வாசலில் சாக்கு விரித்துப் படுத்திருந்த ஒரு பிள்ளை கலகலவென்று சிரித்தது. எட்டு வயது. தேன்மொழி. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சரியான இடத்தில் சிரிக்கிற பிள்ளைக்குப் புத்தி எங்கேயும் போய்விடவில்லை என்பது இந்த வேலையில் முதலில் படிக்கிற பாடம்.

அம்மா சரோஜா அப்போதுதான் நடவிலிருந்து வந்திருந்தாள். பிள்ளை பிறந்ததும் அழவில்லை என்றாள். மூச்சு கிடைக்கத் தாமதமானதில் மூளையில் தசைகளை ஆட்டிவைக்கிற பகுதி அடிபட்டிருக்கிறது, அதனால்தான் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கின்றன, நாக்கு சொன்ன பேச்சை மெதுவாகக் கேட்கிறது, மற்றபடி நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிகிறது என்று விளக்கினேன். இத்தனை வருஷமாக சரோஜாவுக்குக் கிரகணத்தையும் கர்மத்தையும்தான் எல்லோரும் விளக்கியிருக்கிறார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேச்சை மாற்ற, பெயர் அழகாக இருக்கிறதே, யார் வைத்தது என்று கேட்டேன். கட்சிக் கூட்டத்துக்கு வந்த மாவட்டப் பிரமுகர் கையில் பிள்ளையைக் கொடுத்து வைத்த பெயராம். சரோஜா சொன்னாள்: "ரெண்டு மணி நேரம் தண்ணி குடிக்காம பேசினாரு டீச்சர். அதுல கொஞ்சம் பேச்ச இவளுக்குக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்."

ஆசை வேறு, இலக்கு வேறு

திட்டம் எழுதுவதற்கு முன் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். நான் கேட்டேன். தேன்மொழி கையை மெல்ல மெல்லத் தூக்கி வயலுக்கு அந்தப் பக்கம் காட்டினாள். வாசலில் படுத்தபடியே அவள் பாதிப் பள்ளிக்கூடம் படித்திருந்தாள். எந்த மணி பிரேயருக்கு, எந்த மணி சாப்பாட்டுக்கு என்பதெல்லாம் அத்துப்படி. பிள்ளைகள் கோரஸாகக் கத்துகிற வாய்ப்பாடு காற்றில் வரும். ஆறாம் வாய்ப்பாடு வரைக்கும் நாக்கைப் பிரட்டிப் பிரட்டிச் சொன்னாள். நான்காம் வாய்ப்பாட்டில் மட்டும் நடுவில் ஒரு பொத்தல். அந்தப் பாடம் நடந்தபோது காற்று திசை மாறியிருக்கும் போல.

"இந்தக் கல்வியாண்டில் பள்ளிக்குச் சென்று வகுப்பில் அமர்வாள்" என்று இலக்கு எழுதி எங்கள் ஆபீசான வட்டார வள மையத்தில் கொடுத்தேன். மேற்பார்வையாளர் நல்ல மனுஷர்தான். கையெழுத்துப் போடுவதற்காகப் பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார். பிறகு படித்துப் பார்த்துவிட்டு மூடியை மறுபடி போட்டார். பிள்ளை எப்படிப் போகும் என்று கேட்டார். அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போகலாமே என்றால், பின்னிய கால்கள் இடுப்பில் பொருந்தாது. வரப்பில் ஒரு தடவை இருவருமாகச் சேற்றில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில் அம்மா யாருடைய வயலிலோ குனிந்துகொண்டிருப்பாள். அதையெல்லாம் நானே சொன்னேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இது இலக்கு இல்லம்மா, ஆசை. மணி கோக்குறதுன்னு மாத்தி எழுதிக் குடுங்க."

மேடை ஏறிய நாற்காலி

கும்பகோணத்தில் முகாம் போட்டுச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். முதுகுப் பக்கத்தில் ஒரு தலைவரின் முகம் ஒட்டியிருந்தது. அதன் ஓரம் பிய்ந்த இடத்தில் அடியில் இன்னொரு தலைவரின் காது தெரிந்தது. நாற்காலி செய்து முடிப்பதற்குள் ஆட்சி மாறியிருக்க வேண்டும். மேடையில் ஏறச் சாய்தளம் இல்லாததால் நாலு தொண்டர்கள் பிள்ளைகளைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மறுபடி தூக்கிக் கீழே இறக்கினார்கள்.

வேன் ஊர் பஸ் நிறுத்தம் வரைக்கும்தான் வந்தது. சரோஜா முதலில் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் போனாள். திரும்பி வந்து மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலி எங்கேயும் போகவில்லை. வீட்டைச் சுற்றி உரல் போட இடமிருந்தால் அதிகம். அடுத்த முறை நான் போனபோது அதன் மேல் துவைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் சரோஜா பதறிப்போய்த் துணிகளை அள்ளினாள், அரசாங்கச் சொத்தை அவமதித்துவிட்ட மாதிரி. தேன்மொழி என்னிடம் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னாள்: "டீச்சர், அதுவும் என்ன மாரி வீட்டுலயே ஒக்காந்துருக்கு."

சித்திரை மாதத்துப் பள்ளிக்கூடம்

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: அறுவடை முடிந்தால் வயல் காய்ந்துதானே கிடக்கும், நாற்காலியை வயலிலேயே உருட்டிக்கொண்டு போகலாமே? போகலாம். ஆனால் எங்கள் பக்கம் வயலைச் சும்மா போட மாட்டார்கள். சம்பாவை அறுப்பதற்கு முன்பே ஈரத்தில் உளுந்தை விதைத்துவிடுவார்கள். கதிர் போனதும் உளுந்து எழும்பிவிடும். அதைப் பிடுங்கி வயல் காலியாவதற்குச் சித்திரை வந்துவிடும். சித்திரையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு. மறுபடி பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் மேட்டூரைத் திறந்தால் வயலில் தண்ணீர். நெல்லும் கல்வித்துறையும் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி இருக்கும்.

இருந்தாலும் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிடுவோம் என்று அந்தக் கோடையில் நானும் சரோஜாவும் நாற்காலியை வெடிப்பு விட்ட வயலில் தள்ளிக்கொண்டு போனோம். நெல் அறுத்த அடித்தாளில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தேன்மொழியின் பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. அவள் சிரிப்பை நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடக் கேட்டில் பெரிய பூட்டு. கம்பி வழியாகக் கையை நுழைத்து, சுவரில் எழுதியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். காட்டினேன். திரும்பிப் போகலாமா என்று கேட்டதற்கு அவள் மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அதில் சந்தோஷம்தான். "அப்ப நாந்தான் டீச்சர் மொத ஆளு."

மாடி வீட்டுக் காபி

வயலுக்குச் சொந்தக்காரர் தட்சிணாமூர்த்தி. பித்தளை டவராவில் காபி கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்து, நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். தேன்மொழிக்காகக் கண்கூடக் கலங்கினார். வருஷா வருஷம் அப்பா திதிக்குத் தஞ்சாவூரில் இந்த மாதிரிப் பிள்ளைகள் இருக்கிற இல்லத்துக்குப் பாயசத்தோடு சாப்பாடு போடுகிறவர். பிள்ளையை அங்கேயே சேர்த்துவிடலாமே, சிபாரிசு செய்கிறேன் என்றார். பள்ளிக்கூடம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது ஐயா, வரப்பை நாற்காலி போகிற அளவுக்குக் கொஞ்சம் அகலமாக வைத்தால் போதும் என்றேன்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வரப்பு அகலமானால் பாதை ஆகிவிடும், பாதை ஆனால் நாளைக்கு ரெவின்யூ மேப்பில் கோடு விழும் என்றார். இன்றைக்கு நாற்காலி வரும், நாளைக்குப் பாடை வரும், அப்புறம் கொடியோடு ஊர்வலம் வரும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. காபி ஆறிவிட்டதே என்று வருத்தப்பட்டு வேறு கொண்டுவரச் சொன்னார். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நடக்க முடியாத ஒரு புள்ளைக்காக வழி வுட்டா, நடக்கத் தெரிஞ்சவங்க அத்தனை பேரும் வருவாங்க."

மண்வெட்டி

நாற்காலி போகாது என்றால் பிள்ளையை நடக்க வைப்போம் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. இயன்முறை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மூங்கிலால் இரண்டு பக்கமும் பிடி கட்டினோம். காலை நிமிர்த்திப் பிடிக்க இரும்புக் காலிப்பர் வந்தது. வலியில் அவள் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆள் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மூங்கிலைப் பிடிப்பாள். பொங்கல் கழிந்து, ஒரு கையில் கோலும் மறு கையில் அம்மாவின் தோளுமாக வரப்பில் கால் வைத்தாள். உளுந்து பூத்திருந்த சமயத்தில் பாதி வரப்பு வரைக்கும் போய்விட்டு வந்தாள். அன்றைக்கு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தபோது நான் சத்தம் போட்டே பாடிக்கொண்டு வந்தேன்.

ஆடியில் வரப்பைக் கழிப்பார்கள். புல்லையும் எலி வளையையும் ஓரத்து மண்ணையும் மண்வெட்டியால் செதுக்கித் தள்ளிவிட்டு, சேற்றை அப்பி மெழுகிவிடுவார்கள். விவசாயத்துக்கு அது நல்லதுதான். அந்த வருஷம் வழக்கத்தைவிட ஆழமாகக் கழித்தார்கள். கால் இரண்டையும் சேர்த்து வைக்க முடியாத அளவுக்கு வரப்பு ஒடுங்கிப்போனது. தேன்மொழி இரண்டாம் அடியிலேயே சரிந்தாள். காலிப்பர் வளைந்து முழங்கால் கிழிந்தது. அதற்கப்புறம் கோலைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். வரப்பைக் கழித்தது யார் என்று கேட்டேன். அவள் அப்பா முருகையன். தட்சிணாமூர்த்தியிடம் கூலிக்குப் போய், சொந்த மகள் நடந்த வரப்பைச் சொந்தக் கையால் வெட்டியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "நான் வெட்டலேன்னா வேற ஆளு வெட்டப் போறான் டீச்சர். நானா இருக்கப்போயி ஒரு வெட்டு கம்மியா வெட்டுனேன்."

நேரில் வந்த மனுதாரர்

வருஷத்துக்கு ஒரு முறை தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். ஊர்க் கணக்கைச் சரிபார்க்கிற நாள். ஜனங்களிடம் மனுவும் வாங்குவார்கள். காலனிக்குப் பாதை கேட்டு எழுதிக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்த அலுவலர், டீச்சருக்கும் பாதைக்கும் என்ன சம்பந்தம், யாருக்குப் பாதை வேண்டுமோ அவர்கள் நேரில் வர வேண்டும் என்றார். நியாயம்தானே?

மறுநாள் முருகையனும் சரோஜாவும் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். முருகையன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைத் தாண்ட, சரோஜா பின்னாலேயே ஒரு கையால் தாங்கிக்கொண்டு வர, அங்கிருந்து டவுன் பஸ், பிறகு ஆட்டோ. கூட்டத்தில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அலுவலர் முன்னால் போய் நின்றதும் தேன்மொழி தானே மனுவை நீட்டினாள். கை நடுங்கி மேஜையில் இருந்த டீ கவிழப் பார்த்தது. அவர் டம்ளரை நகர்த்திவைத்துவிட்டு அவளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு மனுவை ஒரு ஓரமாக வைத்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டாங்கல்ல? அப்ப வழி இருக்குன்னுதானம்மா அர்த்தம்?"

பன்னிரண்டு அடி

பிறகு கேஸ் கம்பெனி வந்தது. பூமிக்கு அடியில் எரிவாயு இருக்கிறதாம். காலனிக்குப் பின்னால் இருந்த மேட்டு வயலைத் தட்சிணாமூர்த்தி குத்தகைக்கு விட்டார். கிணறு தோண்டும் எந்திரம் போக வேண்டுமே? மெயின் ரோட்டிலிருந்து பள்ளிக்கூடத்து வாசல் வழியாகக் காலனியை உரசிக்கொண்டு பன்னிரண்டு அடிக்குப் பாதை விட்டார். கப்பி கொட்டி, ரோலர் ஓட்டி, இரண்டு பக்கமும் மண் அணைத்து, ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் ஒரு முழம் கேட்டபோது மேப்பில் கோடு விழும் என்று பயந்த மனுஷர் அவரேதான். இப்போது வரப்பும் இல்லை, பயமும் இல்லை.

தேன்மொழி பள்ளிக்கூடம் போனாள். துணி காய்ந்த நாற்காலியில், தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, புழுதி கிளப்பும் லாரிகளுக்கு ஓரம் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். காலனிப் பிள்ளைகள் முறை போட்டுத் தள்ளினார்கள். முதல் நாள் வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வர நேரமானது. மொத்த வகுப்பும் மூச்சுப் பிடித்துக் காத்திருந்தது. சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

அரைப் பரீட்சைக்குள் கணக்கில் அவள் வகுப்பில் இரண்டாவதாக வந்துவிட்டாள். நான்காம் வாய்ப்பாட்டின் பொத்தலும் அடைபட்டது. அப்படி யாரும் இல்லம்மா என்று முன்னே சொன்ன அதே தலைமையாசிரியர் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கோபித்துக்கொண்டார்: "நல்லா படிக்கிற புள்ளம்மா இது. இத மொதல்லயே எங்ககிட்ட சொல்ல வேணாமா?"

பந்தல்

கிணறு தோண்டத் தொடங்கியதும் அடிபம்புத் தண்ணீரில் எண்ணெய் வாடை வந்தது. இரவும் பகலும் எந்திரச் சத்தம். நிலமெல்லாம் பாழாகிவிடும் என்று ஊர்கள் திரண்டன. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நானும் இந்த மண்ணில் விளைந்ததைத்தான் தின்கிறேன். ஆளுங்கட்சியைத் தவிர எல்லாக் கொடியும் ஒரே பந்தலில் பறந்தன. தேர்தல் நெருங்கியபோது ஆளுங்கட்சிக் கொடியும் வந்துவிட்டது. சரோஜாவும் காலனிப் பெண்களும் தினமும் போய் உட்கார்ந்தார்கள். எண்ணெய் வாடை முதலில் வந்தது அவர்கள் பம்பில்தான்.

டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், அமைப்பாளர் ஒருவர் தேன்மொழியை நாற்காலியோடு முன் வரிசையில் நிறுத்தி, மண்ணைக் காப்போம் என்ற அட்டையை மடியில் வைத்தார். எந்தப் பாதை வேண்டாம் என்று எல்லோரும் கத்தினார்களோ அந்தப் பாதையில்தான் அவளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். இதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. நிருபர் மைக்கை நீட்டி, பாப்பாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "கெணறு வேணாம். ரோடு வேணும்" என்றாள். சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். என் அனுபவத்தில் அந்தப் பந்தலில் அத்தனை பேர் பேசியதில் முழுதாக யோசித்துப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். அமைப்பாளர் ஓடி வந்து மைக்கை நகர்த்தினார். "பாப்பாவுக்கு மூள வளர்ச்சி இல்லீங்க, அத வுட்டுட்டு இந்தப் பக்கம் எடுங்க."

வெற்றி

ஜெயித்துவிட்டோம். கம்பெனி மூட்டை கட்டியது. வெடி போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். நிலத்தை மீட்ட விவசாயி என்று தட்சிணாமூர்த்திக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர்தான் குத்தகைக்கு விட்டவர் என்பது அந்த மைக்குக்குத் தெரியாது. எனக்கும் ஒரு லட்டு தந்தார்கள். தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

மறு வாரம் பொக்லைன் வந்து பாதையைத் தோண்டியது. கப்பியை அள்ளிவிட்டு மறுபடி விளைநிலமாக்குகிறார்களாம். நான் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு எந்திரத்துக்கு எதிரே ஓடினேன். நாற்காலி போக ஓரமாக ஒரு கீற்று மட்டும் விட்டுவிடுங்கள் என்று தட்சிணாமூர்த்தியிடமும் போராட்டக் குழுவிடமும் மாறி மாறிக் கெஞ்சினேன். தட்சிணாமூர்த்தி பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. குழுவில் இருந்த அண்ணன் ஒருவரே எனக்குப் பாடம் நடத்தினார். பாதை இருந்தால்தானே மறுபடி லாரி வரும், மண்ணைக் காப்பாற்ற வேண்டாமா என்றார். முன்னே காபி கொடுத்துச் சொன்ன அதே பேச்சு இப்போது கொடி பிடித்துக்கொண்டு நின்றது. மேட்டூர் திறந்தது. புதிதாக வரப்பு போட்டார்கள். முருகையன்தான் மண் அணைத்து ஓரத்தைச் செதுக்கினார். இந்தத் தடவையும் அவர் ஒரு வெட்டு குறைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

தேன்மொழி மறுபடி வாசலுக்கு வந்துவிட்டாள். இப்போது சாக்கில் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அளவுக்கு முன்னேற்றம். தலைமையாசிரியர் நல்லவர், பதிவேட்டிலிருந்து அவள் பெயரை எடுக்கவில்லை. தினமும் காலையில் கூப்பிடுகிறார். பதில் வராததால் அடுத்த பெயருக்குப் போகிறார். நான் மணியும் நூலும் எடுத்துக்கொண்டு போன அன்று வயலில் நாற்று தலையாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பிரேயர் மணி அடித்தது. அவள் நாற்காலியில் நிமிர்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்: "டீச்சர், இங்கேருந்து உள்ளேன் ஐயான்னு கத்துனா அவங்களுக்குக் கேக்குமா?"

ஆண்டறிக்கையில் தேன்மொழியின் பெயருக்கு நேரே 'இலக்கு முழுமையாக எட்டப்பட்டது' என்று பச்சை மையில் இருக்கிறது. மணி கோர்ப்பதில் இப்போது அவளை மிஞ்ச எங்கள் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.